ஃபெயிலாகப் போனவள்

துப்பாக்கி அனுமதிப்பத்திரத்துக்கான அந்தச் சோதனையில் சாம்பவி பாஸானால் வீட்டுக்குத் துவக்கு வந்துவிடும். ஃபெயிலானால் வராது. ஏற்கெனவே இரண்டு தரம் ஃபெயிலாகியிருந்தாள். இரண்டு தரமும் பாடுபட்டுத்தான் ஃபெயிலானாள். பாஸாவதற்குக் கஷ்டப்படுகிறவர்களைப் பாராட்ட நாலு பேர் வருவார்கள். ஃபெயிலாவதற்குக் கஷ்டப்படுகிறவளை யார் கண்டுகொண்டார்கள்?

துவக்கு வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றவன் அவளுடைய கணவன் நிசாந்தன். அவன் பெயரில் எடுக்க வழியில்லை. முந்தி ஒருமுறை அவன் கையை முறுக்கியதில் அவளுடைய தோள்மூட்டு விலகிப்போய், அவள் பொலிசைக் கூப்பிட்டுவிட்டாள். அதற்குப் பிறகு நடந்ததை ரொறன்ரோத் தமிழருக்கு நான் விளக்கத் தேவையில்லை. மாமியார் வந்தார், மச்சாள் வந்தாள், கோயில் நிர்வாகசபைப் பெரியவர் ஒருவர் வந்து, “பெடியன்ரை வாழ்க்கையைக் கெடுத்துப்போடாதை பிள்ளை,” என்று சொல்லித் தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போனார். சாம்பவியின் தோள் எப்படியிருக்கிறது என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. படியில் வழுக்கி விழுந்ததாக அவள் கோர்ட்டில் சொன்னாள். இனி ஒழுங்காக நடப்பேன் என்று நிசாந்தனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். அந்தக் கட்டுப்பாட்டின் தவணை முடிந்துவிட்டது. ஆனாலும் பொலிஸ் கணினியில் அவன் பெயரைத் தட்டினால் அது வந்து நிற்கும். சாம்பவியின் பெயரைத் தட்டினால் ஒன்றும் வராது.

“உன்ரை பேரிலை எடு. வேட்டைக்கு எண்டு சொல்லு,” என்றான்.

வேலையிடத்து நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போகப்போவதாக ஊருக்குச் சொன்னான். வீட்டில் சொன்னது வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ரூஜில் இருக்கும் அவர்களுடைய வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து இறால் கோதை உரித்துக்கொண்டு சொன்னான்: “எனக்கு விசர் வந்தா, மூண்டு பேருக்கும் மூண்டு ரவை காணும்.” மூன்று தோட்டா போதுமாம். பிறகு, குழம்புக்கு உப்புக் காணாது என்றான். ஏழு வயது மகள் லக்சிகா எதிரில் இருந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

கோபத்தில் சொல்லியிருந்தால் சாம்பவி இவ்வளவு பயந்திருக்கமாட்டாள். கோபத்தில் அவன் சொல்லாதது எதுவுமில்லை. இதை அவன் கோபமில்லாமல் சொன்னான்.

விட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். எனக்கும் கோபம் வரும் கேள்வி அது. லக்சிகாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவதும் கூட்டிவருவதும் அவன்தான். சாம்பவி எங்கேயாவது போனால் பிள்ளை அவனோடு வான் வண்டிக்குள் இருக்கும். அவள் வெளியில் நின்றால் பிள்ளை அவன் கையில். இந்த ஒழுங்கு ஒருநாளும் பிசகியதில்லை. பார்க்கிறவர்கள், “பிள்ளையிலை என்ன பட்சமான தகப்பன்” என்றார்கள்.

முதல் இரண்டு வகுப்பும் அவற்றின் முடிவில் வைத்த சோதனையும் ஆங்கிலத்தில் நடந்தவை. ஒன்றில் துவக்கின் குழலை வேண்டுமென்றே பக்கத்தில் நின்றவரின் வயிற்றுக்கு நேரே பிடித்தாள். மற்றதில் எழுத்துச் சோதனையிலேயே கண்டபடி அடையாளம் போட்டாள். நிசாந்தன் அவளுடைய ஆங்கிலத்தைத்தான் குறை சொன்னான். “மொக்கு. ஒன்பது வருசமா இந்த நாட்டிலை இருக்கிறாய்.” உண்மையில் அவள் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில், சலவைப் பகுதியில், நாள் முழுக்க ஆங்கிலம்தான். பிலிப்பினோப் பெண்களோடும் ஜமேக்கப் பெண்களோடும் சிரித்துச் சண்டைபிடித்து, இலக்கணம் பிசகினாலும் நன்றாகவே பேசப் பழகியிருந்தாள். வீட்டுக்குள் வரும்போது அதைச் சப்பாத்தோடு சேர்த்து வாசலில் கழற்றிவிடுவாள். தனக்கு என்ன விளங்குகிறது என்று அவனுக்குத் தெரியாமலிருப்பது நல்லது என்று நினைத்திருந்தாள்.

அப்போதுதான் அவன் இந்த வகுப்பைக் கண்டுபிடித்தான். பெண்களுக்கு மட்டும், ஆரம்பநிலை, கேட்டால் தமிழில் மொழிபெயர்க்க ஆள் உண்டு. “இனி உனக்குச் சொல்ல ஒரு சாட்டும் இல்லை,” என்றான்.

ஸ்காபரோவில், டயர் கடைக்குப் பின்பக்கமாக ஒரு பிளாசாவில் வாடகைக்கு எடுத்த மண்டபம். சனிக்கிழமை காலை. வெளியே அழுக்குப் பனி குவிந்துகிடந்தது. நீள மேசையில் துவக்குகளைப் பரப்பி வைத்திருந்தார்கள். எல்லாம் சுடமுடியாதபடி உள்ளுறுப்பைச் செயலிழக்கச் செய்தவை, பயிற்சிக்கு மட்டும். கற்பிக்கிறவர் மார்லீன் என்ற வெள்ளைக்காரப் பெண். நரைத்த தலையைக் கட்டையாக வெட்டி, அதட்டாமலே அடக்குகிற குரலோடு இருந்தார்.

மொழிபெயர்க்க வந்தவர் எமில்டா அன்ரி. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். பார்க்டேலில் தமிழர் வந்திறங்கிய காலத்திலிருந்தே அன்ரி மற்றவர்களுக்காகப் பேசிவருகிறார். டொக்டரிடம், வாடகைக்கந்தோரில், கார் ஓட்டும் சோதனையில். அன்ரி பக்கத்தில் இருந்தால் எழுத்துச் சோதனையில் யாரும் விழுவதில்லை என்று பெயர். எப்படி விழுவதில்லை என்று யாரும் தோண்டிக் கேட்டதில்லை. எங்கள் சனத்துக்கு அது உதவி. கேட்டால், “பாவங்கள், எங்கடை ஆக்கள்தானே” என்பார்கள். அன்ரி கெட்டவர் என்று சொல்ல முடியாது. அதுதான் எனக்கு எரிச்சல்.

“என்ரை கையாலை ஒரு தமிழ்ப் பிள்ளையும் ஃபெயில் விட்டதில்லை,” என்று காலையிலேயே சாம்பவியின் கையைப் பிடித்துச் சொன்னார். சாம்பவி கையை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

வகுப்பில் ஸபீரா என்று இன்னொரு தமிழ்ப் பெண்ணும் இருந்தாள். கணவனுடைய கடைக்குள் இரண்டு பேர் கத்தியோடு புகுந்ததிலிருந்து அவளுக்கு நித்திரை இல்லை. தலையணைக்குக் கீழே வைக்கலாமா என்று அவள் கேட்டாள். மார்லீன் சிரிக்கவில்லை. வேட்டைக்கும் குறிப் பழக்கத்துக்கும்தான் இந்த நாட்டில் துவக்கு, உன்னைக் காவல் காக்க என்று கேட்டால் தரமாட்டார்கள் என்றார். வெறுமையாக்கி, பூட்டி, ரவைகளை வேறிடத்தில் வைக்கவேண்டும் என்றார்.

“அப்ப களவெடுக்க வாறவன் நான் பூட்டைத் திறக்குமட்டும் நிப்பானோ?” என்று ஸபீரா தமிழில் முணுமுணுத்தாள். அன்ரி சிரித்தார். சாம்பவி அந்தப் பூட்டின் திறப்பை நினைத்தாள். அது நிசாந்தனுடைய காற்சட்டைப் பையில் கிடக்கும்.

காலை முழுவதும் சாம்பவி கவனமாகப் படித்தாள். சோதனையில் விழவேண்டியவள் ஏன் படிக்கவேண்டும் என்று கேட்கலாம். ஒருவேளை எப்படியோ அது வீட்டுக்கு வந்துவிட்டால், அதை வெறுமையாக்கத் தெரியவேண்டும் அல்லவா? ஆகவே பாதுகாப்பு விசையை எங்கே தள்ளுவது, ரவைப்பெட்டியை எப்படிக் கழற்றுவது, துவக்கின் அறைக்குள் ஒரு ரவை ஒளிந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, எல்லாவற்றையும் மூன்றாம் முறையாக, உண்மையாக, கைகளுக்குப் பழக்கினாள். போலி ரவைகள் மேசையில் ஒவ்வொன்றாக விழுந்தன. மார்லீன் தலையாட்டினார். எமில்டா அன்ரி கண்ணை விரித்துக்கொண்டு பார்த்தார்.

“என்ன பிள்ளை, இவ்வளவு கெட்டிக்காரியா இருக்கிறீர். முந்தி எப்பிடி ஃபெயிலானனீர்?”

“பயம் அன்ரி.”

“இனி என்ன பயம்? நான் இருக்கிறன்.”

மார்லீன் அன்று திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு பாடம் இருந்தது. குறியை மட்டும் பார்க்காதே, குறிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார். ரவை குறியோடு நின்றுவிடாது.

பின்னேரம் சோதனை. சாம்பவிக்கு எழுத்துச் சோதனை வாய்மொழியாக. மார்லீன் ஆங்கிலத்தில் கேட்பார், அன்ரி தமிழில் சொல்வார், சாம்பவி தமிழில் பதில் சொல்வாள், அன்ரி அதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்வார்.

“ரவையளை வீட்டிலை எங்கை வைக்கிறது எண்டு கேக்கிறா.”

“துவக்குக்குள்ளையே போட்டு, கட்டிலுக்குக் கீழை,” என்றாள் சாம்பவி.

எமில்டா அன்ரி மார்லீனின் பக்கம் திரும்பி, தெளிவான ஆங்கிலத்தில், ரவைகளைத் தனியாக, பூட்டி வைக்கவேண்டும் என்று அவர் சொல்கிறார் என்றார். மார்லீன் சரி போட்டார்.

சாம்பவிக்கு முதலில் நம்பமுடியவில்லை. காது தன்னை ஏமாற்றுகிறதோ என்று நினைத்தாள். அடுத்த கேள்வி, துவக்கோடு வேலி கடப்பதைப் பற்றியது. “நிரப்பின துவக்கைத் தோளிலை போட்டுக்கொண்டு பாயிறது,” என்றாள். வெறுமையாக்கி, வேலிக்கு அந்தப் பக்கம் கிடத்திவிட்டுத்தான் கடப்பேன் என்று அன்ரியின் வாயிலிருந்து வந்தது. சரி.

“பதறாதையும் பிள்ளை,” என்று அன்ரி உதட்டை அசைக்காமல் தமிழில் சொன்னார். “என்ன வாயிலை வருதோ சொல்லும். நான் பாத்துக்கொள்ளுறன்.”

சாம்பவி குடிபோதையில் சுடலாம் என்றாள். பிள்ளைக்கு விளையாடக் கொடுக்கலாம் என்றாள். அன்ரி ஒவ்வொன்றையும் கழுவித் துடைத்து மார்லீனிடம் கொடுத்தார். அன்ரி சொல்வது பிழை, நான் அப்படிச் சொல்லவில்லை என்று ஆங்கிலத்தில் கத்திவிடலாம். கத்தினால் அன்ரியின் மானம் போகும். அன்ரி சும்மா இருப்பாரா? “வேணுமெண்டு பிழையாச் சொன்னவள், நான் திருத்தினன்” என்று இருட்டுவதற்குள் ரூஜிலிருந்து யூனியன்வில் வரைக்கும் கதை போய்விடும். நிசாந்தன் வெளியே வானில் இருந்தான். பிள்ளையும் வானில் இருந்தது.

எழுத்துச் சோதனைக்கு நூற்றுக்கு நூறு.

மிச்சம் இருந்தது செய்முறை. அதில் அன்ரியால் ஒன்றும் செய்யமுடியாது. கையால் செய்கிறதை மொழிபெயர்க்க முடியாது. மார்லீன் ஒரு நீளத் துவக்கைக் காட்டி, எடுத்து, வெறுமை என்று நிரூபித்து, மறுபடி வைக்கச் சொன்னார். சாம்பவி எடுத்தாள். மண்டபத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதற்கு அப்பால் பார்க்கிங். வான் நேரெதிரே நின்றது. நிசாந்தன் வெளியே இறங்கி, வானில் சாய்ந்துகொண்டு, குனிந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் குழலைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள்.

ஃபெயிலாவதற்குத்தான் திருப்பினாள். அதில் சந்தேகமில்லை. ஆனால் குழல் முனையில் அவனுடைய நெஞ்சு வந்து நின்றபோது, அவளுக்கு ஒரு சுகம் வந்தது. மறைப்பானேன், நல்ல சுகம். விரல் விசைக்குப் போனது. அவன் நிமிரவில்லை. எவ்வளவு சின்ன ஆள் என்று நினைத்தாள். பிறகுதான் அவனுக்குப் பின்னால், வான் கண்ணாடிக்குள், லக்சிகாவின் சிவப்புக் கம்பளித் தொப்பி தெரிந்தது. ஒரே நேர்கோட்டில் இருந்தது.

அவள் விரலை விசையிலிருந்து எடுத்தாள். “நிறுத்து,” என்றார் மார்லீன். “கீழே வை.”

ஃபெயில். அங்கேயே சொல்லிவிட்டார். இன்னும் கொஞ்ச நாளைக்கு வீட்டில் துவக்கு இல்லை.

மார்லீன் அவளை ஒரு கதிரையில் இருத்தி, கொஞ்ச நேரம் முகத்தைப் பார்த்தார். வெளியே நின்றவனையும் பார்த்தார். பிறகு மெதுவாக, உனக்கு வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறதா என்று கேட்டார்.

சாம்பவிக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. கேட்டுவிட்டாள் ஒருத்தி என்று நினைத்தாள்.

“வீட்டிலை எல்லாரும் சுகமா இருக்கிறியளோ எண்டு கேக்கிறா,” என்றார் எமில்டா அன்ரி. பிறகு பதிலுக்குக் காத்திராமல், இந்தப் பெண்ணுக்குப் பதற்றம், மற்றபடி நல்ல குடும்பம், கணவன்தான் ஒவ்வொரு முறையும் கூட்டிவந்து காத்துநிற்கிறான் என்று மார்லீனிடம் தானாகவே சொல்லிவிட்டார். வெள்ளைக்காரிக்கு எங்கள் வீட்டுக் கதை எதற்கு என்பது அன்ரியின் கொள்கை.

சாம்பவி கண்ணாடிக்கு வெளியே இருந்த சிவப்புத் தொப்பியைப் பார்த்தாள். “ஓம்,” என்றாள்.

வெளியே குளிர் முகத்தில் அறைந்தது. எமில்டா அன்ரியும் கூடவே வந்தார். மனிசன் ஏசுவான், அதற்கு முன் நாம் நாலு நல்ல வார்த்தை சொல்லிவைப்போம் என்ற எண்ணம். பாவம், அன்ரிக்கு எப்போதும் நல்ல எண்ணம்தான்.

“தம்பி, பிள்ளையைப் பேசாதேங்கோ,” என்று தூரத்திலேயே தொடங்கினார். “இந்த முறையும் சரிவரேல்லை. ஆனா இவ மொக்கு இல்லை, கண்டியளோ. இவவுக்கு எல்லாம் தெரியும்! காலமை துவக்கைக் கழட்டினதைப் பாத்திருக்கோணும், அந்த வெள்ளைக்காரியே வாயைப் பிளந்திட்டா. எழுத்திலை நூறு. நூறு தம்பி!”

நிசாந்தன் ஃபோனைப் பையில் வைத்தான். “நூறோ?”

“சத்தியமா. கடைசியிலைதான் பிசகிப்போச்சு. துவக்கை அப்பிடியே ஜன்னலாலை நீட்டிப்போட்டா. ஆருக்கு நேரை எண்டு நினைக்கிறியள்? உங்களுக்கு நேரை!” அன்ரி வாய்விட்டுச் சிரித்தார். “கொஞ்சம் கவனமா இருங்கோ தம்பி!”

நிசாந்தனும் சிரித்தான். நன்றாகச் சிரித்தான். “எனக்கு நேரையோ? அப்பிடியோ?” என்று சாம்பவியைப் பார்த்தான். சிரிப்பு வாயில் இருந்தது, கண்கள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தன. முதல் தரம், இரண்டாம் தரம், இன்றைக்கு. எல்லாம் தெரிந்தவள் மூன்று தரம் ஏன் விழுந்தாள் என்று அவனுக்கு விளங்கிக்கொண்டு வருவதைச் சாம்பவி நின்று பார்த்தாள். அவளுடைய ஒன்பது வருட மொக்குத்தனம் அந்தப் பார்க்கிங்கில் உதிர்ந்து விழுந்தது.

வான் கதவு திறந்திருந்தது. “அம்மா, டிட் யூ பாஸ்?” என்று லக்சிகா உள்ளே இருந்து கேட்டாள்.

“பாஸ்,” என்றான் நிசாந்தன். “அம்மாவுக்கு எல்லாம் தெரியுமாம்.” பிறகு சாம்பவிக்கு மட்டும் கேட்கும் குரலில், “ஏறு,” என்றான்.

எமில்டா அன்ரி கைப்பையில் கார்த் திறப்பைத் தேடத் தொடங்கினார். அன்ரி போய்விடுவார். அன்ரி போனதும் வான் புறப்படும். சாம்பவிக்கு அப்போது ஒன்று உறைத்தது. வெளியாட்கள் பார்க்க நிசாந்தன் ஒருநாளும் கை நீட்டியதில்லை. ஊர் முழுக்க வாய் உள்ள இந்த மனுசி பக்கத்தில் நிற்கும்வரைக்கும் அவன் நல்ல மனிதன்தான்.

“அன்ரி, பிள்ளைக்கு வோஷ்ரூம் போகோணுமாம்,” என்றாள். லக்சிகா அப்படி ஒன்றும் சொல்லவில்லை. சாம்பவி குனிந்து பெல்ற்றைக் கழற்றிப் பிள்ளையைத் தூக்கிவிட்டாள். “உள்ளை பூட்டமுதல் ஒருக்காக் கேட்டுத் தாங்கோ. எனக்கு இங்கிலிஷ் வராது.”

“போற வழியிலை பாப்பம்,” என்றான் நிசாந்தன்.

“ஐயோ தம்பி, குளிருக்குப் பிள்ளையள் தாங்காதுகள். ரெண்டு நிமிசம்,” என்று அன்ரி சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தார். அன்ரியின் நல்ல எண்ணம் அன்று முழுவதிலும் அந்த ஒருதரம்தான் உபயோகப்பட்டது.

உள்ளே மார்லீன் துவக்குகளைப் பெட்டிகளில் வைத்துக்கொண்டிருந்தார். ஸபீராவும் மற்றவர்களும் போய்விட்டார்கள். சாம்பவி பிள்ளையைத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள்.

“அன்ரி, ஒண்டு மொழிபெயர்க்கோணும். இந்த முறை நான் சொன்னதை மட்டும் சொல்லுங்கோ.”

“என்ன பிள்ளை?”

“அவ என்னட்டைக் கேட்டதுக்கு நான் பிழையாப் பதில் சொல்லிப்போட்டன். வீட்டிலை பாதுகாப்பு இல்லை. இந்தத் துவக்கு எனக்கில்லை, அவருக்கு. மூண்டு பேருக்கும் மூண்டு ரவை காணும் எண்டு சொன்னவர். நானும் பிள்ளையும் அந்த வானிலை ஏறினா முடிஞ்சுது.”

எமில்டா அன்ரியின் முகம் வெளிறிப்போனது. கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். லக்சிகாவைப் பார்த்தார். உதடுகள் இரண்டு தரம் அசைந்து, பழகிய தடத்திலேயே போய் விழுந்தன. வீட்டில் ஏதோ சின்னப் பிரச்சினையாம் என்று அவர் மார்லீனிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

“நோ,” என்றாள் சாம்பவி.

அன்ரி திடுக்கிட்டுத் திரும்பினார்.

“நோ ஸ்மோல் புரொப்ளம்,” என்று சாம்பவி மார்லீனின் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். குரல் நடுங்கியது, சொற்கள் நடுங்கவில்லை. “மை ஹஸ்பண்ட் வோண்ட் கன். த்ரீ பீப்பிள், த்ரீ புல்லட். ஹீ ஸே. நொட் சேஃப். ப்ளீஸ், நொட் சேஃப்.”

மார்லீன் கையில் இருந்ததைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். எழுந்து போய்க் கதவை உட்பக்கமாகப் பூட்டினார். பிறகு ஃபோனை எடுத்தார்.

“நான் நல்லதுக்குத்தானே பிள்ளை…” என்று எமில்டா அன்ரி தொடங்கினார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. லக்சிகா தாயின் கோட்டைப் பிடித்துக்கொண்டு, தனக்கு வோஷ்ரூம் வரவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

வெளியே கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தரம், மெதுவாக, மரியாதையாக. வெளியாட்கள் இருக்கும் இடத்தில் நிசாந்தன் எப்போதும் அப்படித்தான் தட்டுவான்.